கிழிந்த சைக்கிள் சீட்: 450 ரூபாய் கேட்டார்கள், 40 ரூபாய் ரெக்சினில் முடிந்தது!

வணக்கம் நண்பர்களே. இன்றைக்குக் கொஞ்சம் கோபமாகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சீட் கிழிந்துவிட்டது, தைத்துத் தர முடியுமா என்று ஒரு சைக்கிள் கடையில் கேட்டேன். "இதையெல்லாம் யார் தைக்கிறார்கள்? புதியது 450 ரூபாய், மாட்டிவிடவா?" என்றார். சீட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் புது சீட்டைக் கட்டைவிரலால் அழுத்தினேன். விரல் நேராகத் தகட்டில் போய் முட்டியது. இதற்கா 450?

என் ஹெர்குலிஸ் சைக்கிளை உங்களுக்குத் தெரியும். முன்பு ஒருமுறை செயின் கவரைக் கழற்றிக் கழுவினோமே, அதே கருப்பு வண்டி. 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் நிறுவனத்தின் வண்டி, நம் அம்பத்தூர்க்காரர்களின் கைவேலை. சீட்டைக் கவிழ்த்துக் காட்டுகிறேன், பாருங்கள். முன்னிருந்து பின்வரை ஓடும் ஸ்பிரிங்குகள், பின்னால் இரண்டு தடித்த சுருள்கள். ஒன்றுகூடத் தளரவில்லை. போனது மேல்தோல் மட்டும்தான்.

ரெக்சின் என்பது துணியின் மேல் பிவிசி பூசியது. வெயிலில் கிடக்கக் கிடக்க, அதை இளக்கமாக வைத்திருக்கும் பொருள் வெளியேறிவிடும். பிறகு மடிப்பிலும் ஓரத்திலும் வெடிக்கும். வெடிப்பு வழியாக மழைநீர் இறங்கினால் உள்ளே இருக்கும் மெத்தை ஊறி, ஸ்பிரிங் துருப்பிடிக்கும். இப்படி வெடித்த சீட்டின் மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டுகிறார்கள் பாருங்கள், அதை என்னால் சகிக்கவே முடியாது! உள்ளே போன ஈரம் எப்படி வெளியே வரும்?

சரி, ரெக்சின் வாங்கப் புறப்பட்டேன். கார் சீட் கவர் என்றால் சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுதான். முதல் கடையில் ஒரு மீட்டருக்குக் குறைத்து வெட்ட மாட்டோம் என்றார்கள். எனக்குத் தேவை ஒரு முழம்கூட இல்லை! அடுத்த கடையிலும் அதே பதில். மூன்றாவது கடையில் மேசைக்கு அடியில் ஒரு கோணிப்பை நிறைய வெட்டுத்துண்டுகள். "அண்ணே, அதிலிருந்து ஒன்று தாருங்கள்" என்றேன். 60 சொன்னார். 30 கேட்டேன். 40க்கு முடிந்தது. நல்ல கனமான கருப்பு ரெக்சின், பின்பக்கம் நெய்த துணி. அந்தக் கடை வாசலிலேயே நின்று அதை இழுத்து இழுத்துப் பார்த்தேன், அவ்வளவு மகிழ்ச்சி.

இப்போது வேலை. செய்தித்தாளைச் சீட்டின் மேல் வைத்து வடிவத்தை வரைந்துகொண்டு, அடியில் மடிக்கச் சுற்றிலும் இரண்டு அங்குலம் கூட்டி வெட்டினேன். ஒட்டுப்பசையை ரெக்சினின் துணிப்பக்கத்திலும் சீட்டிலும் பூசி, விரலில் ஒட்டாத அளவுக்கு உலரவிட வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

ஒரு நிமிடம், பசைக்கு முன்னால் ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. பழைய ரெக்சினை உரித்ததும் மெத்தையை நிழலில் நன்றாகக் காயவையுங்கள். ஸ்பிரிங்கில் துரு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து, லேசாக கிரீஸ் தடவுங்கள். இதைச் செய்யாமல் மூடினால் துருவை உள்ளே வைத்துத் தைத்த மாதிரி.

ரெக்சினைக் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தால் இளகிக் கொடுக்கும். முதலில் மூக்குப் பகுதி, பிறகு பின்பக்கம், அதன் பிறகுதான் பக்கவாட்டு. இடது, வலது என்று மாற்றி மாற்றி இழுங்கள். ஒரு பக்கத்தையே இழுத்தால் கோணிக்கொள்ளும். வளைவுகளில் அடிமடிப்பை 'வி' வடிவில் சின்னச் சின்னதாக வெட்டிவிட்டால் சுருக்கம் விழாது.

அடியில் மடித்த ஓரத்துக்கு வெறும் பசையை நான் நம்ப மாட்டேன், தைத்தே ஆக வேண்டும். குத்தூசியால் துளை போட்டு, மெழுகு தேய்த்த நைலான் நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இரு பக்கமிருந்தும் வாங்க வேண்டும். ஓர் இடத்தில் நூல் அறுந்தாலும் மற்ற இழை பிடித்துக்கொள்ளும். துளைகளை நெருக்கிப் போடாதீர்கள். தபால்தலை ஓரம் போலக் கிழிந்து வந்துவிடும். அரை சென்டிமீட்டர் இடைவெளி போதும்.

இதோ, மாட்டியாயிற்று. அந்த மூக்கைப் பாருங்கள், ஒரு சுருக்கம் இருக்கிறதா? நூல், பசை எல்லாம் சேர்த்தும் 100 ரூபாயைத் தாண்டவில்லை.

துண்டு ரெக்சின் கேட்கப் போகிறவர்கள் காலையில் போகாதீர்கள். மாலையில்தான் அன்றைக்கு வெட்டியது எல்லாம் பையில் சேர்ந்திருக்கும் என்று அந்தக் கடைக்காரரே சொன்னார். 40க்கு மேல் கொடுக்காதீர்கள்.