தபால்காரர் பாடின பாட்டு: ஜான் பிரைன் கதை

வணக்கம் மக்களே! இன்னைக்கு ஜான் பிரைன், தானே பாட்டு எழுதிப் பாடின அமெரிக்கப் பாடகர். கன்ட்ரி, ஃபோக்னு அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாட்டு எழுதுறவங்ககிட்ட இவர் பேரைச் சொன்னா போதும், எழுந்து நின்னு கும்பிடுவாங்க. நம்ம பக்கம் அவ்வளவா தெரியாது. அதான் இந்த வீடியோ.

1970, சிகாகோ. ரோஜர் ஈபர்ட்னு ஒரு சினிமா விமர்சகர், பேப்பர்ல எழுதுறவர், படம் பார்க்கப் போயிருக்கார். பாப்கார்ன்ல உப்பு தூக்கலா இருக்கு. பாதியில எழுந்து, ஒரு பீர் அடிப்போம்னு பக்கத்துல இருந்த கிளப்புக்குள்ள நுழையுறார். இது பிரைன் சொல்லிச் சிரிச்ச கதை. உள்ள ஒரு போஸ்ட்மேன் கிட்டாரோட உக்காந்து பாடிட்டிருக்கார். ஈபர்ட் அந்த வாரம் படத்தை விட்டுட்டு, இந்தப் போஸ்ட்மேனைப் பத்தி எழுதினார். அப்புறம் பிரைன் பாடுற இடத்துல உக்கார சீட் கிடைக்கல.

ஆமா, நிஜ போஸ்ட்மேன்தான். சிகாகோ பக்கத்துல மேவுட்ல 1946-ல பொறந்தவர். ராணுவத்துல ஜெர்மனிக்குப் போய் வண்டி ரிப்பேர் பார்த்தார். திரும்பி வந்து தபால் பை. சிகாகோ குளிர்க்காத்து எப்படின்னு கேள்விப்பட்டிருப்பீங்க. தெருவோரம் தபால் கட்டுகளைப் போட்டு வைக்கிற பெரிய இரும்புப் பெட்டி இருக்கும். காத்துக்குப் பயந்து அதுக்குள்ள புகுந்து சாண்ட்விச் சாப்பிடுவாராம். கை தபாலைப் போட்டுட்டே போகும், மண்டைக்குள்ள பாட்டு ஓடும்.

அப்படி வந்ததுதான் "ஹலோ இன் தேர்". வயசான புருஷன் பொண்டாட்டி. பசங்க எல்லாம் ஆளுக்கொரு ஊர், ஒரு பையன் கொரியப் போர்ல போயிட்டான். வீட்ல பேச்சே இல்ல. எழுதினவருக்கு வயசு இருபது சொச்சம்! சின்ன வயசுல முதியோர் இல்லத்துக்குப் பேப்பர் போட்டிருக்கார். அங்க சில பேர், பக்கத்து ரூம்காரங்க பார்க்கணும்னே, இவரைத் தன்னோட பேரன் மாதிரி உக்கார வெச்சுப் பேசுவாங்களாம். யோசிச்சுப் பாருங்க. பாட்டுல இந்தச் சம்பவம் வராது, ஆனா அந்த வலி வருது. எனக்கு இவர்கிட்ட பிடிச்சதே அதுதான். அழு அழுன்னு நம்மள பிடிச்சு உலுக்க மாட்டார்.

அடுத்த பாட்டு "பாரடைஸ்". கென்டக்கி மாநிலத்துல அப்பா அம்மாவோட சொந்த ஊர்ப் பக்கம் இருந்த சின்ன ஊரோட பேர் அது. நிலக்கரிக்காகச் சுத்துவட்டாரத்தையே வெட்டி எடுத்தாங்க, ஊரே இல்லாமப் போச்சு. அப்பாவுக்காகத்தான் இதை எழுதினார். டேப்பைப் போட்டுக் காட்டினப்போ, அப்பா எழுந்து பக்கத்து ரூமுக்குப் போய் இருட்டுல உக்காந்துட்டாராம். ஏன்னு கேட்டா, ஜூக்பாக்ஸ்ல, அதான் காசு போட்டா பாட்டுப் போடுற மெஷின்ல, பாடுற மாதிரி கேக்கணும்னு சொல்லியிருக்கார்! 1971-ல முதல் ஆல்பம் வெளிவரதுக்கு முன்னாடியே அப்பா இறந்துட்டார்.

ஆல்பம் எப்படிக் கிடைச்சது? அப்பவே பேர் வாங்கியிருந்த கன்ட்ரி பாடகர் கிரிஸ் கிறிஸ்டோஃபர்சன் புண்ணியம். நண்பர் ஸ்டீவ் குட்மன்தான் அவரை இழுத்துட்டு வந்தார். கிளப் மூடுற நேரம், நாற்காலியெல்லாம் டேபிள் மேல ஏத்தியாச்சு. அந்தக் கோலத்துல பிரைன் பாடிக் காட்டினார். கொஞ்ச நாள்ல நியூயார்க், அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ்ங்கிற பெரிய இசைக் கம்பெனி, கான்ட்ராக்ட்.

பெரிய கம்பெனிகளோட பத்து வருஷம் ஓட்டினார், பெருசா விக்கல. 80-கள்ல "ஓ பாய்"னு சொந்தக் கம்பெனி ஆரம்பிச்சார். ஆல்பம் வர முன்னாடியே ரசிகர்கள் தபால்ல செக் அனுப்பினாங்க. போஸ்ட்மேனுக்குத் தபால்லயே சோறு!

1998-ல கழுத்துல கேன்சர். ஆபரேஷன்ல கழுத்துல ஒரு பகுதியை எடுத்தாச்சு, தலை ஒரு பக்கம் சாஞ்சே நின்னுச்சு, குரல் கரகரன்னு ஆயிடுச்சு. பாடகனுக்கு இதைவிட என்ன கஷ்டம் வேணும் சொல்லுங்க? ஆனா மனுஷன், இந்தக் குரல்தான் எனக்குப் பிடிச்சிருக்குன்னுட்டார். ஸ்ருதியை இறக்கி அதே பழைய பாட்டைப் பாடினார். 2018-ல வந்த "தி ட்ரீ ஆஃப் ஃபர்கிவ்னெஸ்" பில்போர்டுங்கிற அமெரிக்க ஆல்பம் தரவரிசையில 5-வது இடம். அவர் வாழ்க்கையிலேயே அதுதான் உச்சம், 71 வயசுல. 2020 ஏப்ரல் 7, நாஷ்வில்ல கொரோனாவுல போயிட்டார்.

புதுசா கேக்குறவங்களுக்கு ஒரு யோசனை. "ஹலோ இன் தேர்" 1971 பதிவை முதல்ல கேளுங்க. அப்புறம் கேன்சருக்கு அப்புறம் மேடையில பாடினதைத் தேடிக் கேளுங்க. முதல் பதிவுல ஒரு சின்னப் பையன் கிழவனைப் பத்திப் பாடுறான். ரெண்டாவதுல அந்தக் கிழவனே பாடுறார். என் ஓட்டு ரெண்டாவதுக்கு. உங்க ஓட்டு எதுக்குன்னு கமெண்ட்ல போடுங்க, சண்டை போடலாம்.