அம்புமுனைக்குள் ஒரு மரம்

நேயர்களுக்கு வணக்கம். வானொலியில் படம் காட்ட வழியில்லை. அதனால் கல்லில் செதுக்கிய பெரிய அம்புமுனை ஒன்றை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். பழுப்பு நிறம், கூர் கீழே பார்க்கிறது. இடப்பக்கம் ஓங்கி நிற்கும் பச்சை மரம். பின்னால் பனிமலை, மலையடியில் நீர், முன்னால் புல்வெளியில் வெள்ளையாக ஒரு காட்டெருமை. அமெரிக்க தேசியப் பூங்கா சேவையின் சின்னம் இது.

அந்த மரம் ஏதோ ஒரு மரமல்ல, கலிபோர்னியாவில் வளரும் செக்கோயா என்ற மாபெரும் மரம். அது தாவரங்கள் அனைத்துக்குமாக நிற்கிறது. காட்டெருமை நிற்பது விலங்குகள் அனைத்துக்குமாக. வேட்டையில் அழிந்து, 1900களின் தொடக்கத்தில் யெல்லோஸ்டோன் பூங்காவில் ஏறக்குறைய இரண்டு டஜன் மட்டுமே மிஞ்சியிருந்த விலங்கு அது. மலையும் நீரும் இயற்கை அழகையும் பொழுதுபோக்கையும் குறிக்கின்றன.

பலர் கவனிக்காமல் விடுவது வெளிக்கோட்டைத்தான். அம்புமுனை என்பது வரலாறும் தொல்லியலும். பழங்குடி மக்கள் வாழ்ந்த மெசா வெர்டேயின் பாறைக் குடியிருப்புகளும் அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் போர்க்களமும் இதே சேவையின் பொறுப்பில்தான் இருக்கின்றன. மரமும் மலையும் மட்டும் வரைந்திருந்தால் இவற்றுக்கு அதில் இடமே இருந்திருக்காது. காட்டையும் விலங்கையும் மனிதச் சுவடு ஒன்றுக்குள் வைத்ததுதான் இந்த வடிவமைப்பின் உயிர் என்பேன்.

1949இல் சின்னத்துக்காக ஒரு போட்டி நடந்தது. வென்ற வடிவம் நிலைக்கவில்லை. பிறகு வரலாற்றாளர் ஆப்ரி நீஷம் அனுப்பிய கைவரைவில் நீண்ட அம்புமுனையும் பைன் மரமும் இருந்தன. அதுவே வளர்ந்து 1951 ஜூலை 20 அன்று ஒப்புதல் பெற்றது. 1960களின் பிற்பகுதியில் மூன்று முக்கோணங்கள் கொண்ட நவீன வடிவத்தை முன்னிறுத்தினார்கள். ஊழியர்களுக்கு அது ஒட்டவே இல்லை. 1969இல் அம்புமுனை மீண்டது.

சட்டம் இதைக் கண்டிப்பாகக் காக்கிறது. பயன்படுத்த விரும்புவோர் சேவையின் இயக்குநரிடம் அனுமதி பெற வேண்டும். கல்விக்கோ இயற்கைப் பாதுகாப்புக்கோ உதவும் பயன்பாடாக அது இருக்க வேண்டும். அனுமதியின்றிச் செய்து விற்றால் அபராதம், ஆறு மாதம் வரை சிறை. அனுமதி கிடைத்த பிறகும் பிழை நேர்வது அளவில்தான். மிகச் சிறிதாக அச்சிட்டால் முதலில் எருமையின் கால்கள் கலங்கும், பிறகு நீர் மலையோடு கரைந்துவிடும். அகலத்தை மட்டும் இழுத்தால் அம்புமுனை கேடயம்போல் ஆகிவிடும். தொல்லியலைக் குறிக்கும் அர்த்தம் அதோடு போயிற்று.