தீர்ப்பில் எழுதப்படாத தண்டனை

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"அயல்நாட்டில் சிறு போதைப்பொருள் குற்றத்துக்காகச் சிறைப்படுவோரை அதிகம் வதைப்பது சட்டத்தின் கடுமையா, நடைமுறையின் குறையா?" நடைமுறையின் குறையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மாஸ்கோவிலிருந்து தொடங்கினார். 2022 பிப்ரவரியில் ஷெரமெத்யெவோ விமான நிலையத்தில் அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனை பிரிட்னி கிரைனர் பிடிபட்டார். பெட்டியில் இருந்த வேப் (மின்னணுப் புகைக்கருவி) குப்பிகளில் கஞ்சா எண்ணெய் 0.702 கிராம். ஆகஸ்டில் 9 ஆண்டுத் தண்டனை. "ஒரு கிராம்கூட இல்லாததற்கு ஒன்பது ஆண்டு, இதற்கு மேல் சட்டத்தின் கடுமைக்கு என்ன சான்று வேண்டும்?" என்று கேட்டார்.

அந்த எண்களை நான் மறுக்க மாட்டேன். அவர் சொல்லாமல் விட்ட ஒன்றையும் அவர் பக்கமே சேர்த்துக்கொள்ளட்டும். உள்ளூர்க்காரர் வீட்டில் வைத்திருந்தால் அது "வைத்திருந்த" குற்றம். வெளிநாட்டவர் அதையே பெட்டியில் வைத்து எல்லையைத் தாண்டினால் "கடத்தல்". பொருளும் அளவும் ஒன்றுதான். விமானம் தரையிறங்கிய கணத்தில் சட்டப் பிரிவு மாறிவிடுகிறது. ரஷ்யக் குற்றவியல் சட்டத்தில் வைத்திருப்பது 228ஆம் பிரிவு, கடத்துவது 229.1. இது சட்டத்தின் கடுமைதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்த ஒரே நாட்டை இன்னும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 2019 ஏப்ரலில் மாஸ்கோவில் விமானம் மாற இறங்கிய இஸ்ரேலியப் பெண் ஒருவரின் லக்கேஜில் சுமார் 9.5 கிராம் கஞ்சா இருந்தது. ஏழரை ஆண்டுத் தண்டனை விதித்தார்கள். 2020 ஜனவரியில் மன்னிப்பு பெற்று வீடு திரும்பினார். கிரைனர் 2022 டிசம்பரில் கைதிப் பரிமாற்றத்தில் போனார். அவருக்கு முந்தைய ஆண்டு, 2021 ஆகஸ்டில், சுமார் 17 கிராம் மருத்துவக் கஞ்சாவோடு பிடிபட்ட அமெரிக்க ஆசிரியர் ஒருவர் 14 ஆண்டுத் தண்டனை பெற்றார். அவர் வீடு திரும்பியது 2025 பிப்ரவரியில். முதல் இருவர் உள்ளே இருந்தது ஏறக்குறைய பத்துப் பத்து மாதம். ஆசிரியர் இருந்தது மூன்றரை ஆண்டு. இந்த மூவரில் ஒருவருக்காகவும் சட்டத்தில் ஓர் எழுத்து மாறவில்லை. யார் குரல் கொடுத்தார்கள், எந்த அரசு எவ்வளவு வேகமாக அசைந்தது என்பதுதான் நாட்களை எண்ணியது. எதிரணி காட்டிய சான்றே என் பக்கம் பேசுகிறது, நடுவர் அவர்களே.

இன்னொரு பக்கம், சட்டம் இளகிய நாடுகளும் உண்டு. ஐக்கிய அரபு அமீரகம் 2021இல் புதிய போதைப்பொருள் சட்டம் கொண்டுவந்தது. முதல்முறை பயன்படுத்திப் பிடிபட்டவருக்கு இரண்டு ஆண்டாக இருந்த குறைந்தபட்சச் சிறை மூன்று மாதமாக இறங்கியது. நல்ல மாற்றம், மனதார வரவேற்கிறேன். ஆனால் ஆய்வக அறிக்கைக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் வழக்கறிஞருக்கும் காத்திருந்தே ஒரு வெளிநாட்டவர் நான்கு மாதம் ரிமாண்டில் கிடந்தால், அந்தச் சலுகை அவருக்கு என்ன கொடுத்தது? தீர்ப்பு வரும் முன்பே தண்டனை முடிந்து, கூடுதலாகவும் ஒரு மாதம் போய்விட்டதே!

இப்போது கைதான முதல் இரண்டு நாட்களுக்கு வாருங்கள். பல வழக்குகள் தோற்பது நீதிமன்றத்தில் அல்ல, அந்த இரண்டு நாட்களில்தான்.

சிறு போதை வழக்கில் எல்லாமே வினைச்சொற்களில் நிற்கிறது. "என்னிடம் இருந்தது" என்பது வேறு, "என்னுடையது" என்பது வேறு. முதலாவது, பை கையில் இருந்ததைச் சொல்கிறது. இரண்டாவது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தே வைத்திருந்ததை ஒப்புக்கொள்கிறது. "நண்பனுக்கும் கொஞ்சம் கொடுத்தேன்" என்று ஒருவர் வெள்ளந்தியாகச் சொன்னால், காசு வாங்கினாரா என்று பல நாட்டுச் சட்டங்கள் கேட்பதில்லை. சிங்கப்பூரில் போதைப் பொருள் "கடத்தல்" என்பதன் விளக்கத்திலேயே விற்பதோடு கொடுப்பதும் இருக்கிறது. அங்கே 15 கிராமுக்கு மேல் கஞ்சா வைத்திருந்தால் கடத்தலுக்காகவே வைத்திருந்தார் என்று சட்டம் ஊகித்துக்கொள்ளும். இல்லை, சொந்த உபயோகத்துக்குத்தான் என்று நிரூபிக்க வேண்டியவர் கைதானவர். அந்த விளக்கத்தை முதல் வாக்குமூலத்திலேயே சொல்லாமல் பிறகு சொன்னால் நீதிமன்றம் நம்புவது அரிது.

இத்தனை நுட்பமான சொற்களை யார் மொழிபெயர்க்கிறார்கள்? காவல் நிலையத்தில் அப்போது கிடைத்தவர். வேறு வழக்கில் வந்த ஒருவர், மொழியை அரைகுறையாக அறிந்த ஒரு காவலர், சில சமயம் பக்கத்து அறைக் கைதி. பத்து நிமிடம் பேசியதை இரண்டு வரியாகச் சுருக்குவார்கள். அந்த இரண்டு வரி உள்ளூர் மொழியில் தட்டச்சாகி வரும், அடியில் கையெழுத்து. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான 1966ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கை, 14ஆம் பிரிவில், மொழி புரியாதவருக்கு இலவச மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. ஆக, எழுதிய சட்டம் கைதானவர் பக்கம்தான் நிற்கிறது.

இந்த விஷயத்தில் பழகிய வழக்கறிஞர்கள் சொல்லும் வழி ஒன்று உண்டு. புரியாத தாளில் கையெழுத்திட வேண்டாம். இட்டே தீர வேண்டிய நெருக்கடி வந்தால், கையெழுத்துக்கு மேலே, அவரவர் தாய்மொழியிலேயே, "இது எனக்கு என் மொழியில் வாசித்துக் காட்டப்படவில்லை" என்று எழுதி, தேதியும் நேரமும் போட வேண்டும். பின்னாளில் வழக்கறிஞர் பிடித்துக்கொள்ள அந்த ஒரு வரி போதும். இதை முன்கூட்டித் தெரிந்துகொண்டு பயணம் போகிறவர் எத்தனை பேர்?

ஜப்பானைப் பாருங்கள். கைதுக்குப் பின் 48 மணி நேரத்துக்குள் காவல்துறை வழக்கை அரசு வழக்கறிஞரிடம் ஒப்படைக்க வேண்டும், அவர் 24 மணி நேரத்துக்குள் காவல் நீட்டிப்பு கேட்க வேண்டும், பிறகு 10 நாள், மறுபடி 10 நாள். குற்றச்சாட்டு பதிவாகும் முன்பே மொத்தம் 23 நாள். விசாரணை அறைக்குள் வழக்கறிஞர் உடன் இருக்க முடியாது. உள்ளூர்க்காரருக்கும் இதே 23 நாள்தான் என்று எதிரணி சொல்லலாம். உள்ளூர்க்காரருக்குக் கேள்வி புரிகிறது! குற்றச்சாட்டு பதிவான பிறகு, நிலையான முகவரியும் வேலையும் குடும்பமும் அருகில் இருப்பதைக் காட்டிப் பிணை கேட்க முடிகிறது. வெளிநாட்டவருக்கு அந்த மூன்றும் இல்லை.

அடுத்தது தூதரகம். 1963ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உறவு உடன்படிக்கை, 36ஆம் பிரிவு. கைதான வெளிநாட்டவரிடம், "உன் நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது" என்று தாமதமின்றிச் சொல்ல வேண்டும். அவர் கேட்டால் தெரிவிக்க வேண்டும். தூதரக அதிகாரி வந்து பார்க்கவும் வழக்கறிஞர் ஏற்பாடு செய்யவும் விட வேண்டும். அமெரிக்காவில் மரண தண்டனை பெற்ற மெக்சிகோ நாட்டவர்கள் தொடர்பான அவேனா வழக்கில், 2004இல், 51 பேருக்கு இந்த உரிமையைத் தாமதமின்றிச் சொல்லவில்லை என்று பன்னாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொலை வழக்கிலேயே, உலகின் பெரிய நாடு ஒன்றிலேயே, 51 பேரிடம் ஒரு வாக்கியம் உரிய நேரத்தில் சொல்லப்படவில்லை என்றால், இரண்டு கிராம் கஞ்சாவோடு பிடிபட்டவரிடம் யார் சொல்வார்கள்?

சொன்னாலும் தவறு நேர்கிறது. கைதானவரே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார். வீட்டுக்குத் தெரிந்துவிடும், மானம் போகும் என்ற பயம். தூதரகம் தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்ற தவறான எண்ணம். தூதரகத்தால் அவரைச் சிறையிலிருந்து எடுக்க முடியாது, நீதிமன்றத்தில் வாதாட முடியாது. ஆனால் வழக்கறிஞர் பட்டியல் தர முடியும், அடித்தார்களா என்று கேட்க முடியும், மருந்து போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க முடியும், அவர் அனுமதியோடு மட்டும் குடும்பத்துக்குச் செய்தி சொல்ல முடியும். இதை அந்த நேரத்தில் அவருக்கு விளக்க ஆள் இல்லை.

பிணை விஷயத்தில் இந்தியாவும் விலக்கல்ல. போதைப்பொருள் வழக்கில் நீண்ட காலம் விசாரணைக் கைதிகளாகக் கிடப்போருக்காக உச்ச நீதிமன்றம் 1994இல் ஒரு தீர்ப்பு தந்தது. அதில் வெளிநாட்டவருக்கு மட்டும் கூடுதல் நிபந்தனை. கடவுச்சீட்டை ஒப்படைக்க வேண்டும், நாட்டைவிட்டுப் போகமாட்டார் என்று அவருடைய தூதரகம் உறுதிச் சான்று தர வேண்டும். எத்தனை தூதரகங்கள் அப்படி எழுதித் தரும்? பிணை உத்தரவு கையில், ஆள் உள்ளே. தூதரகம் சான்று தராத காரணத்துக்காக மட்டும் பிணையை மறுக்கக் கூடாது என்று அதே உச்ச நீதிமன்றம், ஒரு நைஜீரியர் வழக்கில், தெளிவுபடுத்தியது 2024இல். முப்பது ஆண்டு! இடையில் அந்தச் சான்றுக்காகக் காத்திருந்தவர்களை வைத்திருந்தது போதைப்பொருள் சட்டமா, நடுவர் அவர்களே?

சட்டமே திறந்துவைத்த கதவும் வெளிநாட்டவருக்குச் சாத்தியிருக்கிறது. இந்தோனேசியாவின் 2009ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் இரண்டு வழிகளை வகுத்தது. "பயன்படுத்தியவர்" என்றால் 127ஆம் பிரிவு, முதல் வகைப் போதைப்பொருளுக்கு அதிகபட்சம் 4 ஆண்டு, மறுவாழ்வு மையத்துக்கும் அனுப்பலாம். "வைத்திருந்தவர்" என்றால் கஞ்சாவுக்கு 111ஆம் பிரிவு, மெத் போன்றவற்றுக்கு 112ஆம் பிரிவு, இரண்டிலும் குறைந்தபட்சமே 4 ஆண்டு, அதிகபட்சம் 12. கஞ்சா 5 கிராம், மெத் (மெத்தம்பெட்டமின்) 1 கிராம் வரை இருந்தால் மறுவாழ்வைப் பரிசீலிக்கலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2010இல் சுற்றறிக்கையும் விட்டது. எந்தப் பிரிவில் விழுவார் என்பதை முடிவு செய்தது எது? சிறுநீர்ப் பரிசோதனை அறிக்கை, மருத்துவ மதிப்பீடு, வியாபாரத் தொடர்பு இல்லை என்பதற்கான ஆதாரம். இவற்றை ஆரம்ப நாட்களிலேயே கேட்டு வாங்க வேண்டியிருந்தது. கேட்கத் தெரிந்த உள்ளூர்க்காரர் 127இல் நின்றார். தெரியாத வெளிநாட்டவர் 111இலோ 112இலோ நின்றார். 1988ஆம் ஆண்டின் ஐ.நா. போதைப்பொருள் கடத்தல் தடுப்பு உடன்படிக்கையும்கூட, சிறிய வழக்குகளில் தண்டனைக்குப் பதிலாகக் கல்வியோ மறுவாழ்வோ சிகிச்சையோ தரலாம் என்றே சொல்கிறது. "முகவரி இல்லை, எப்படியும் நாடுகடத்தப்படுவார், சிகிச்சை எதற்கு?" என்று அந்த வாய்ப்பை மூடுவது அலுவலக மேசைதான்.

சிறைக்குள்ளே என்ன நடக்கிறது என்பதை வேகமாகச் சொல்கிறேன். போதை அடிமைத்தனத்துக்கான சிகிச்சை மருந்தான மெத்தடோன் எடுத்துவந்தவருக்கு மருந்து சட்டென்று நிற்கிறது. வாந்தியும் பேதியும் உடலின் நீரை வற்றவைக்கும். தூக்க மாத்திரைக்கோ மதுவுக்கோ அடிமையானவருக்கு அப்படி நிறுத்தினால் வலிப்பு வந்து உயிரே போகலாம். வெளியே மக்களுக்குக் கிடைக்கும் அதே தர மருத்துவம் கைதிக்கும் வேண்டும் என்பது கைதிகளை நடத்துவதற்கான ஐ.நா.வின் 2015ஆம் ஆண்டு மண்டேலா விதிகளில் 24ஆவது. தொலைபேசி அலுவலக நேரத்தில் மட்டும், உள்நாட்டு எண்ணுக்கு மட்டும் என்றால், பல மணி நேர வித்தியாசத்தில் உறங்கும் தாயிடம் எப்படிப் பேசுவார்? சிறையின் விதிகள் சுவரில் ஒட்டியிருக்கும், அவரால் வாசிக்க முடியாத எழுத்தில். தெரியாமல் மீறினால் தனிச்சிறை.

நாடு திரும்பித் தண்டனையை முடிக்கலாமே என்று எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் சொன்னார். அவர் சொன்ன 1983ஆம் ஆண்டின் தண்டனைக் கைதிகள் மாற்ற உடன்படிக்கையை அவர் முழுதும் வாசிக்க வேண்டும். தீர்ப்பு இறுதியாகியிருக்க வேண்டும், அதாவது மேல்முறையீடு நிலுவையில் இருக்கக் கூடாது. கைதியும் இரு நாடுகளும் சம்மதிக்க வேண்டும். அந்தச் செயல் இரு நாட்டிலும் குற்றமாக இருக்க வேண்டும். பொதுவாக, விண்ணப்பம் சேரும் நாளில் குறைந்தது ஆறு மாதத் தண்டனை மீதமிருக்க வேண்டும். தீர்ப்பின் சான்றிட்ட நகல், கழிந்த நாட்களின் கணக்கு, சட்டப் பிரிவின் வாசகம், எல்லாவற்றுக்கும் மொழிபெயர்ப்பு என்று தாள்கள் இரண்டு நாட்டு அமைச்சகங்களுக்கிடையே நடக்கின்றன. பதினைந்து ஆண்டு பெற்ற பெரிய கடத்தல்காரருக்கு இது போதிய அவகாசம். பதினெட்டு மாதம் பெற்ற சிறு குற்றவாளிக்குத் தாள் வந்து சேரும்போது மீதம் ஐந்து மாதம். விண்ணப்பம் நிராகரிப்பு. குற்றம் சிறியதாக இருப்பதே அவருக்கு எதிராகத் திரும்புகிறது!

கடைசியாக விடுதலை நாள். தண்டனை முடிந்தது. சட்டம் கையை எடுத்துவிட்டது. ஆனால் அவர் வீட்டுக்குப் போகவில்லை, சிறையிலிருந்து குடியேற்றத் துறையின் தடுப்பு மையத்துக்குப் போகிறார். ரிமாண்டில் இருக்கும்போதே கடவுச்சீட்டு காலாவதியாகிவிட்டது. அவசரப் பயணச் சான்று வேண்டும், அதற்கு அவருடைய ஊரில் காவல்துறை போய் இவர் இந்நாட்டவர்தான் என்று சரிபார்த்து எழுத வேண்டும். விமானச் சீட்டுக்குப் பணம் வேண்டும், கட்டாத அபராதம் இருந்தால் அதையும் தீர்க்க வேண்டும். ஆறு மாதம் முன்பே இந்தச் சரிபார்ப்பைத் தொடங்கியிருந்தால் அன்றைக்கே விமானம் ஏறியிருப்பார். யாரும் தொடங்கவில்லை. ஒரு வாரம் ஆகிறது, ஒரு மாதம் ஆகிறது.

அந்த மாதத்தை எந்த நாட்டின், எந்தச் சட்டப் பிரிவின்கீழ் அவர் கழிக்கிறார் என்று எதிரணித் தலைவர் தம் நிறைவுரையில் சொல்லட்டும், நடுவர் அவர்களே. நான் அமர்கிறேன்.