பாட்டு நின்ன இடம்

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி உக்காந்திருக்கறவங்களுக்குக் கேக்குதா? மைக் கொஞ்சம் இரையுது, பொறுத்துக்குங்க.

இன்னைக்கு வேற ஏதோ பேசறதா ஒத்துக்கிட்டு நோட்ஸ் எல்லாம் எழுதி வச்சிருந்தேன், அதை மடிச்சுப் பைக்குள்ள போட்டுட்டேன், ஏன்னா போன வியாழக்கிழமை, 2013 அக்டோபர் 10, அமெரிக்காவுல ஃபாக்ஸ் சேனல்ல 'க்ளீ'ங்கற பாட்டு சீரியலோட அஞ்சாவது சீசன் மூணாவது எபிசோட் வந்துச்சு, நான் ரெண்டு நாள் கழிச்சுத்தான் பார்த்தேன், அதுலேருந்து மண்டைக்குள்ள அதேதான் ஓடிக்கிட்டு இருக்கு. பேரு 'தி குவாட்டர்பேக்'.

பார்க்காதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன். ஒஹாயோல லைமான்னு ஒரு ஊரு, அங்க மெக்கின்லின்னு ஒரு ஹைஸ்கூல், அதுல ஒருத்தனும் மதிக்காத ஒரு பாட்டு க்ளப். 2009ல ஆரம்பிச்ச கதை. அந்த க்ளப்போட ஹீரோ ஃபின் ஹட்சன், அமெரிக்க ஃபுட்பால் டீமோட குவாட்டர்பேக், அதாவது களத்துல ஆட்டத்தை நடத்தறவன், நெட்டையா இருப்பான், டான்ஸ் மட்டும் சுத்தமா வராது. அவனா நடிச்ச கோரி மான்டீத் இந்த வருஷம் ஜூலை 13 அன்னைக்கு வான்கூவர்ல ஒரு ஹோட்டல் ரூம்ல செத்துக் கிடந்தாரு. ஹெராயினும் குடியும் சேர்ந்து. வயசு 31. கதையில ஃபின்னோட காதலி ரேச்சல், அந்த ரோல் பண்ற லியா மிஷெல் நிஜத்துலயும் அவரோட காதலி. இப்ப இந்த எபிசோட்ல ஃபின்னும் செத்துட்டான், எல்லாரும் அவனுக்காகப் பாடணும்னா, கேமரா முன்னாடி நிக்கறவங்க நடிக்கறாங்களா அழறாங்களான்னு யாரு பிரிச்சுச் சொல்ல முடியும்?

நான் இந்த சீரியலை ரொம்பக் கிண்டல் பண்ணியிருக்கேன். வாரா வாரம் வாத்தியார் வில் ஷூஸ்டர் போர்டுல ஒரு வார்த்தை எழுதுவாரு, பசங்க அதுக்கு ஏத்த மாதிரி பாடுவாங்க, கடைசியில ஏதோ ஒண்ணு கத்துக்கிட்டு கட்டிப்பிடிச்சுக்குவாங்க. எந்தக் காயத்துக்கும் அவங்ககிட்ட ஒரு பாட்டு ரெடியா இருக்கும், மருந்துக்கடை மாதிரி. அதனால இந்த வாரமும் அப்படித்தான் இருக்கும்னு நினைச்சுத்தான் உக்காந்தேன்.

ஆரம்பத்துல எல்லாரும் மேடையில கறுப்பு டிரஸ்ல நின்னு கோரஸா பாடறாங்க, நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் கர்ட் பேசறான், அவன் அப்பா ஃபின்னோட அம்மாவைக் கல்யாணம் பண்ணிக்கிட்டதால ஃபின்னுக்குச் சகோதரன் முறை ஆனவன். எல்லாரும் அவன் எப்படிச் செத்தான்னே கேக்கறாங்க, அது அவன் வாழ்க்கையில ஒரே ஒரு நொடி, அவன் எப்படி வாழ்ந்தான்னுதான் எனக்கு முக்கியம்ங்கற மாதிரி சொல்லிட்டு நகந்துடறான். அவ்ளோதான், கடைசி வரைக்கும் காரணம் சொல்லவே இல்ல. எனக்கு இதுல கோவம் வந்துச்சு, இப்பவும் கொஞ்சம் இருக்கு. பதிமூணு வயசுலேருந்தே போதைப்பழக்கம் இருந்ததை கோரியே வெளிப்படையா பேசினவர், அவர் மறைக்காததை சீரியல் ஏன் மறைக்கணும்?

ஆனா அதுக்கப்புறம் ஒரு சீன் வருது பாருங்க. ஃபின்னோட ரூம்ல அம்மா கரோல், கர்ட்டோட அப்பா பர்ட், கர்ட், மூணு பேரும் அவன் துணிமணியை எல்லாம் பெட்டியில அடுக்கறாங்க. எதை வச்சுக்கறது எதைக் குடுத்துடறதுன்னு பேச்சு. சும்மா வீட்டு வேலை மாதிரி போயிக்கிட்டே இருக்கும்போது அந்தம்மா உடையறாங்க. பிள்ளையைப் பறிகொடுத்தவங்களை டிவி நியூஸ்ல பார்த்தா முன்னாடியெல்லாம் அணைச்சிடுவேன், இவங்கல்லாம் காலைல எப்படித்தான் எந்திரிக்கறாங்கன்னு நினைப்பேன், ஆனா எந்திரிக்கத்தான் செய்யறோம், எந்திரிச்ச ஒரு நொடி மறந்திருக்கும், உடனே ஞாபகம் வந்துடும், பிள்ளை இல்லாமப் போனாலும் பெத்தவளா இருக்கறதை நிறுத்த முடியாதுன்னு சொல்றாங்க. ரோமி ரோஸ்மான்ட் அப்படிங்கற நடிகை. பின்னாடி பாட்டே இல்ல. நாலு வருஷமா பாடியே பொழைச்ச சீரியல், சரியான நேரத்துல வாயை மூடிக்கிச்சு.

பாட்டும் உடையுது. எப்பவும் திமிராவே பேசற க்ளப் பொண்ணு சன்டானா பாட ஆரம்பிக்கறா, சுருதி எல்லாம் கரெக்டா இருக்கு, பாதியில மத்தவங்க ஆறுதலா கிட்ட வந்து தொட்டதும் கத்திட்டு ரூமை விட்டு ஓடிடறா. ஸ்டுடியோல முன்னாடியே பதிவு பண்ணின குரலுக்கு வாயசைக்கற சீரியல் இது, நம்ம பின்னணிப் பாட்டு மாதிரிதான், என்ன, நடிக்கறவங்களே பாடியிருப்பாங்க. அந்த வழவழப்பு அங்க கிழியுது.

அப்புறம் சூ சில்வெஸ்டர், இத்தனை வருஷமா வில்லியா இருந்த டீச்சர். ஃபின்னைத் திட்டித் தீர்த்தவ. அவ சொல்றா, எனக்கு அந்தப் பையனைப் பிடிக்கும், அது தெரியாமயே போயிட்டான், இதுல பாடமும் கிடையாது நல்ல முடிவும் கிடையாது, அவன் போயிட்டான் அவ்ளோதான்னு. வாரா வாரம் பாடம் நடத்தின சீரியலே இதைச் சொல்லுது! எனக்கு சட்டுன்னு தோணினது, கர்ட் காரணத்தைச் சொல்லாம விட்டதைவிட சூ சமாதானம் சொல்லாம விட்டதுதான் நேர்மை.

லியா மிஷெல் கடைசியிலதான் வர்றாங்க, ஃபின்னும் ரேச்சலும் கார்ல சேர்ந்து பாடின பாட்டைப் பாடறாங்க. அதைப் பத்தி நான் மார்க் போட்டுப் பேச மாட்டேன், போடவும் கூடாது.

ஒண்ணு விட்டுட்டேன், ஃபின்னோட ஸ்கூல் ஜாக்கெட். கர்ட் அதை எடுத்து சன்டானாகிட்ட குடுக்கறான், நடுவுல அது காணாமப் போகுது, ஃபின்னோட ஃப்ரெண்டு பக்தான் எடுத்திருப்பான்னு எல்லாருக்கும் சந்தேகம். எடுத்தது வாத்தியார். எபிசோட் முழுக்க எல்லாருக்கும் ஆறுதல் சொல்லி, ஒரு சொட்டு அழாம நிமிர்ந்து நின்ன ஆளு, கடைசியில வீட்டுல பையைத் திறந்து அந்த ஜாக்கெட்டை எடுத்து மூஞ்சியில பொத்திக்கிட்டு அழறாரு. அங்கயும் பாட்டு கிடையாது.

முடிஞ்சப்புறம் லேப்டாப்பை மூடாம அப்படியே உக்காந்திருந்தேன். பக்கத்து ரூம்லேருந்து எங்கக்கா, "என்னடா, சத்தத்தையே காணோம், கரண்ட் போயிடுச்சா?"ன்னாங்க.