வேகமுள் துள்ளும்போது

வணக்கம் நேயர்களே. கணினியில் விமானம் ஓட்டுவது எனக்குப் பல வருடப் பழக்கம். தனியாக அல்ல, கூட்டத்தோடு. வாட்சிம் என்றொரு இணைய வலையமைப்பு 2001 முதல் இருக்கிறது. அதில் பறப்பவர்களும் மனிதர்கள், ரேடாரைப் பார்த்து வழி சொல்பவர்களும் மனிதர்கள். எல்லாம் பொழுதுபோக்குதான். ஆனாலும் தப்பு செய்தால் நாலு பேர் காதில் விழும்.

ஒரு நாள் இரவு 37,000 அடியில் ஒரு போயிங் 737-800ஐ ஆட்டோபைலட்டிடம் ஒப்படைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தேன். திடீரென ஹெட்போனில் கடகடவென்று ஒரு சத்தம். வேக வரம்பைத் தாண்டினால் அந்த விமானம் போடும் கூச்சல் அது. மாக் 0.78இல், அதாவது ஒலியின் வேகத்தில் 0.78 மடங்கில் போய்க்கொண்டிருந்தது, கண் மூடித் திறப்பதற்குள் 0.86. வரம்பு 0.82தான். பதறிப்போய் ஆட்டோபைலட்டைத் துண்டித்து மூக்கைத் தூக்கினேன். வேகம் இறங்கியது, சரி. கூடவே விமானம் 700 அடி ஏறிவிட்டது. அந்த உயரங்களில் எதிரும் புதிருமாகப் போகும் விமானங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியே 1,000 அடிதான். எனக்கு மேலே ஒருவர் வந்துகொண்டிருந்தார். "உங்கள் உயரம் எவ்வளவு, உறுதி செய்யுங்கள்" என்று கட்டுப்பாட்டாளர் கேட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, அவ்வளவு அமைதியாகக் கேட்டார்.

நடந்தது என்னவென்றால், என் விமானம் வேகமெடுக்கவே இல்லை. எதிர்க்காற்றுதான் ஒரே நொடியில் 45 நாட் (மணிக்குச் சுமார் 83 கி.மீ.) கூடிவிட்டது. ஏர்ஸ்பீடு என்பது நம்மைச் சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்ட வேகம். பல டன் எடையுள்ள விமானம் தரையை வைத்துப் பார்த்தால் சட்டென்று வேகம் மாறாது, ஆனால் காற்று மாறினால் முள் உடனே துள்ளும். அதனால் முள் துள்ளியதும் நான் முதலில் பார்ப்பது தரைவேகத்தை. ஏர்ஸ்பீடு தாவி, தரைவேகம் அப்படியே நின்றால், அது காற்றின் வேலை. இரண்டும் சேர்ந்து நகர்ந்தால், நம் கையோ என்ஜினோ ஏதோ செய்திருக்கிறது.

நிஜ வானத்தில் உயரப் பறக்கும்போது காற்று இப்படி ஒரு நொடியில் தலைகீழாவது அபூர்வம். சிமுலேட்டரில் அது சர்வ சாதாரணம். புதிய வானிலைத் தகவல் இறங்கும், பழைய காற்றை அப்படியே எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டுவிடும். எஃப்எஸ்எக்ஸ் என்ற பழைய மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர் காலத்தில் இந்தத் தொல்லைக்காகவே காற்றைப் படிப்படியாக மாற்றும் வசதியைத் துணைநிரல்களில் தேடித் தேடிப் போட்டோம். உங்கள் மென்பொருளில் அப்படி ஒன்று இருந்தால் இன்றைக்கே போட்டுவிடுங்கள், பாதி தலைவலி தீரும்.

மீதி பாதிக்குப் பொறுமை வேண்டும். என்ஜின் விசையைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோத்ராட்டில் அந்தத் துள்ளலைப் பார்த்ததும் என்ன செய்யும்? விசையை அடிமட்டத்துக்கு இழுத்துவிடும். சற்று நேரத்தில் காற்று திரும்பினால் வேகம் சரசரவென்று விழும். அடிமட்டத்தில் இருக்கும் என்ஜின் மறுபடி உயிர்பெறச் சில நொடிகள் ஆகும், அந்த உயரத்தில் அதனிடம் மிச்ச பலமும் குறைவு. வேகம் அதிகம் என்று தொடங்கிய விவகாரம், வேகம் போதாமல் இறக்கை தூக்கும் பலத்தை இழக்கும் ஸ்டாலில் போய் முடியும். அதனால் இப்போதெல்லாம் ஆட்டோபைலட்டைத் தொடுவதில்லை, உயரத்தை அது பார்த்துக்கொள்ளட்டும். இறக்கைமேல் எழும்பி வேகத்தைக் குறைக்கும் தகடுகளான ஸ்பீடுபிரேக்கைக் கொஞ்சமாக, மெதுவாக விரிக்கிறேன். முள் இறங்கியதும் மடக்கிவிடுகிறேன். காற்று சீராக இருக்கும்போதே என்ஜின் எத்தனை சதவீதத்தில் நிற்கிறது என்று குறித்து வைத்திருப்பேன். விசை அதற்கு மிகவும் கீழே போனால் கையால் பிடித்து நிறுத்துவேன்.

இந்தப் பொறுமையை ஓடுபாதைக்கு அருகே கொண்டு வராதீர்கள். அங்கே கணக்கே வேறு.

1985 ஆகஸ்ட் 2 அன்று டல்லாஸ் ஃபோர்ட் வொர்த்தில் டெல்டா 191 விமானம் விழுந்தது இப்படித்தான். இடிமேகத்திலிருந்து கொட்டிய காற்று தரையில் மோதி எல்லாப் பக்கமும் சிதறியது. அதற்குள் நுழைந்தால் முதலில் எதிர்க்காற்று, வேகம் கூடும். கூடுகிறதே என்று விசையைக் குறைக்கத் தோன்றும். அடுத்து காற்று கீழே அமுக்கும், அதற்கடுத்துப் பின்காற்று, வேகம் சரியும். இந்தக் காற்றுக்கு டவுன்பர்ஸ்ட் என்று பெயர் வைத்தவர் டெட் ஃபுஜிட்டா. 1975இல் நியூயார்க்கில் நடந்த ஈஸ்டர்ன் 66 விபத்தை ஆராய்ந்தபோதுதான் அவர் இதைப் பிடித்தார். ஆக, இறங்கும்போது காரணமில்லாமல் வேகம் கூடினால் மகிழ வேண்டாம், அடுத்தது என்ன என்று யோசியுங்கள்.

கையால் விசையைப் பிடித்து இறங்கும்போது போயிங் வழக்கம் இது: இறங்கு வேகத்தோடு எதிர்க்காற்றில் பாதி, வீச்சுக் காற்று அந்தச் சீரான காற்றைவிட எவ்வளவு கூடுகிறதோ அது முழுவதும். குறைந்தது 5 நாட் கூட்ட வேண்டும், மேலே ஓர் உச்சவரம்பும் உண்டு. ஏர்பஸ் தன் கணக்கைத் தானே போட்டுக்கொள்ளும். கட்டுப்பாட்டாளர் "160 நாட் வைத்திருங்கள்" என்றால் அது உங்கள் ஏர்ஸ்பீடு. அவர் ரேடாரில் பார்ப்பது தரைவேகம். காற்று மாறும்போது அவர் திரையில் உங்கள் எண் ஏறி இறங்கும், அதைக் கண்டு நீங்கள் விசையை ஆட்ட வேண்டாம்.

தரைக்கு அருகில் கட்டுப்பாடில்லாமல் ஏர்ஸ்பீடில் 15 நாட் மாற்றம், அல்லது உயரம் குறையும் விகிதத்தில் நிமிடத்துக்கு 500 அடி மாற்றம், அல்லது மூக்கு 5 டிகிரி ஆட்டம் என்றால் விவாதம் முடிந்தது. முழு விசை, 737இல் மூக்கு 15 டிகிரி மேலே, ஸ்பீடுபிரேக் மடங்கியிருக்கிறதா என்று ஒரு பார்வை. அந்தக் காற்றிலிருந்து வெளியே வரும்வரை சக்கரத்தையும் ஃபிளாப்பையும் (இறங்கும்போது இறக்கையில் விரிக்கும் மடிப்புகள்) தொடக்கூடாது. இதைக் கை தானாகச் செய்யும்வரை பழகிக்கொள்ள வேண்டும், யோசித்துச் செய்ய நேரம் இருக்காது.

சென்ற மாதம் எனக்கு அப்படி ஒன்று வந்தது. 400 அடியில் 20 நாட் காணாமல் போனது. இந்த முறை ஒழுங்காக எல்லாம் செய்து மேலே ஏறி, "400 அடியில் 20 நாட் இழந்தேன்" என்று பெருமையாகவே அறிவித்தேன். கட்டுப்பாட்டாளர் நன்றி சொல்லி, எனக்குப் பின்னால் வந்தவருக்கும் அதை எச்சரித்தார். அவர் சுகமாக இறங்கி, ஓடுபாதையை விட்டு வெளியே வந்து, "என்னிடம் ஒரு அசைவும் இல்லையே" என்றார். அவர் தன் கணினியில் வானிலையையே அணைத்து வைத்திருந்தாராம்.

நன்றி, வணக்கம்.