‘லாம்’ என்றும் ‘வேண்டும்’ என்றும்

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு சிறிய ஊரில் நான் வசிக்கிறேன். வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் வயல்வெளி. வேலியோரம் ஒரு மரக்கம்பம் நிற்கும். அதில் மஞ்சள் நிற அம்புக்குறி. மஞ்சள் என்றால் நடந்து போகிறவர்களுக்கான வழி, நீலம் என்றால் குதிரையிலும் போகலாம். அந்த அம்பு காட்டும் திசையில், தனியார் நிலத்துக்குள்ளேயே, யாரிடமும் அனுமதி கேட்காமல் நாம் நடக்கலாம். அடுத்தவர் வரப்பில் கால் வைக்கும் முன் வயல்காரரைத் தேடிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லி வளர்ந்தவர்கள் நாம். வந்த புதிதில் இது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது.

ஒரு கோடையில் அந்த வழியைக் காணவில்லை. கம்பம் இருந்தது, அதற்கப்பால் ஆள் உயரத்துக்கு மக்காச்சோளம். எங்கள் உள்ளாட்சி மன்றமான கவுன்சிலுக்கு எழுதினேன். வழிகளுக்குப் பொறுப்பான அதிகாரி ஒருவர் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, கையில் வரைபடமும் அளவு நாடாவுமாக வந்தார். வயலின் குறுக்கே போகும் நடைவழியை விதைப்புக்காக உழுதால் 14 நாட்களுக்குள் அதைச் சரிசெய்து கொடுக்க வேண்டும், குறைந்தது 1 மீட்டர் அகலம் விட வேண்டும், பயிர் அதை மூடக் கூடாது என்பது சட்டம். விவசாயியிடம் அவர் குரலை உயர்த்தவே இல்லை. வரைபடத்தை விரித்துக் காட்டினார், அவ்வளவுதான். மூன்று வாரத்தில் சோளத்துக்கு நடுவே வகிடு எடுத்ததுபோல் வழி திறந்துவிட்டது.

அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் எங்கள் ஊர் அருங்காட்சியகத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. பள்ளிகளுக்கு இரவல் கொடுக்கும் பெட்டிகளை நிறுத்தப் போகிறார்கள். அந்தப் பெட்டிகளை நான் அறிவேன், ஆசிரியையாக இருந்த காலத்தில் பலமுறை வாங்கி வந்திருக்கிறேன். ஒன்றில் ரோமானியர் காலத்துக் கூரை ஓடு ஒன்று இருக்கும். சுடுவதற்கு முன் வெயிலில் காயப்போட்டிருந்த ஓட்டின் மேல் ஏதோ ஒரு நாய் ஓடியிருக்கிறது. நான்கு விரலும் உள்ளங்காலும் அப்படியே பதிந்திருக்கும். ஏழு வயதுக் குழந்தைகள் வரிசையில் நின்று அந்தக் குழிக்குள் கட்டைவிரலை வைத்துப் பார்ப்பார்கள். ‘அந்த நாய்க்கு அடி விழுந்திருக்குமா?’ என்று ஒரு பெண் குழந்தை கேட்டாள். ரோமானியர் ஆட்சியைப் பற்றி நான் நடத்திய எந்தப் பாடமும் அப்படி ஒரு கேள்வியைப் பிறப்பித்ததில்லை.

வழியும் பெட்டியும் ஒரே கவுன்சிலின் பொறுப்பு. வழிக்காக ஓர் அதிகாரி சேற்றில் இறங்கி வந்தார். பெட்டியை மட்டும் ஒரே கையெழுத்தில் நிறுத்திவிட முடிகிறது. இது ஏன் என்று கேட்டுக்கொண்டுதான் நான் கவுன்சில் அறிக்கைகளைப் படிக்கத் தொடங்கினேன். நீளமான அறிக்கை ஒன்றின் நடுவில் விடை இருந்தது: ‘இது சட்டப்படி கட்டாயமான சேவை அன்று.’

தமிழில் சொன்னால் இரண்டே வினைமுடிவுகள்தான். சட்டம் சிலவற்றைச் செய்ய ‘வேண்டும்’ என்கிறது, சிலவற்றைச் செய்ய‘லாம்’ என்கிறது. 1964ஆம் ஆண்டின் பொது நூலக, அருங்காட்சியகச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்பில் இரண்டும் சேர்ந்தே நிற்கின்றன. ஆனால் உள்ளே, முழுமையான, திறமையான நூலகச் சேவையைக் கவுன்சில் தர வேண்டும் என்கிறது, அருங்காட்சியகத்தையோ நடத்தலாம் என்கிறது. கலைகளுக்கும் அதே நிலைதான். 1972ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் நாடகத்துக்கும் இசைக்கும் கவுன்சில் செலவு செய்யலாம் என்று இடம் கொடுக்கிறதே தவிர, செய்தாக வேண்டும் என்று சொல்லவில்லை.

நடைவழிகள் ‘வேண்டும்’ பக்கம் வந்து சேர்ந்தது தானாக நடந்ததன்று. 1932 ஏப்ரல் 24ஆம் தேதி, கிண்டர் ஸ்கவுட் என்ற மலைமேட்டில், வேட்டைக்காக வேலியடைத்து வைத்திருந்த நிலத்துக்குள் மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர் இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஒவ்வொரு கவுண்டி (மாவட்டம் போன்ற பகுதி) கவுன்சிலும் தன் எல்லைக்குள் இருக்கும் பொதுவழிகளை வரைந்து அதிகாரபூர்வ வரைபடம் வைத்திருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். எங்கள் வயலில் அந்த அதிகாரி விரித்துக் காட்டியது அந்த வழிவந்த வரைபடத்தைத்தான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இன்று ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர் வழிகள் பதிவில் இருக்கின்றன. இன்னும் பதிவேறாத பழைய வழிகளும் உண்டு. ஒரு வழியை மக்கள் 20 ஆண்டுகள் தடையின்றி, ஒளிவு மறைவின்றி, உரிமையோடு பயன்படுத்தி வந்திருந்தால் அதைப் பொதுவழி என்று கோரலாம். உங்கள் ஊரில் நெடுங்காலம் நடந்த முதியவர்கள் இருந்தால் அவர்களிடம் இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவர்களுடைய நினைவுதான் அங்கே சாட்சி.

அருங்காட்சியகங்களுக்கு இப்படி ஒரு கிண்டர் ஸ்கவுட் நேரவில்லை. 1845லேயே, பத்தாயிரம் பேருக்கு மேல் வாழும் நகரங்கள் அரைப் பென்னி வரி போட்டு அருங்காட்சியகம் கட்டிக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தது. அன்றைக்கும் ‘லாம்’தான். பர்மிங்காமில் வரிப்பணம் போதாமல், நகராட்சியின் எரிவாயு அலுவலகத்துக்கு மேல்மாடியில்தான் 1885ல் அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். தொழிலின் லாபத்தால் கலையை வளர்க்கிறோம் என்று அங்கே கல்லிலும் பொறித்து வைத்தார்கள். அந்த நகரத்தின் சேகரிப்பில்தான் சுல்தான்கஞ்ச் புத்தர் இருக்கிறார். பீகாரில் ரயில் பாதை போடும்போது கிடைத்த செப்புச் சிலை. ஏழரை அடி உயரம், அரை டன்னுக்கு மேல் எடை. அவர் பீகாரிலேயே இருந்திருக்க வேண்டும் என்று என் மனம் சொல்கிறது. ஆனாலும் ஒருமுறை அவர் முன்னால் நின்று, உயர்த்திய அந்த வலது கையைப் பார்த்தபோது கால் நகரவில்லை.

அதே பர்மிங்காம் கவுன்சில் 2023 செப்டம்பரில், வரவு செலவைச் சரிக்கட்ட முடியாது என்று சட்டப்படி அறிவித்தது. அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் நகரத்தின் முக்கியமான கலை அமைப்புகளுக்கான மானியத்தை முதலில் பாதியாகவும் பிறகு முழுவதுமாகவும் வெட்டினார்கள். சிம்பொனி இசைக்குழு, நாடக அரங்கு எல்லாம் அதில் அடங்கும். முதியோர் பராமரிப்பையும் ஆதரவற்ற குழந்தைகளின் பாதுகாப்பையும் தொட முடியாது, தொடவும் கூடாது. அதை நான் மனதாரச் சொல்கிறேன். ஆனால் ‘லாம்’ என்ற காரணத்துக்காகவே ஒன்றை முதலில் வெட்டுவது சோம்பேறித்தனமான கணக்கு.

பணத்துக்காக எதையும் விற்கலாம் என்று இறங்கினால் என்ன நேரும் என்பதற்கு நார்தாம்ப்டன் இருக்கிறது. 2014ல் அந்த ஊர் கவுன்சில், தன் அருங்காட்சியகத்திலிருந்த செகெம்கா என்ற பழங்கால எகிப்தியச் சிலையை ஏலத்தில் விட்டது. ஒன்றரைக் கோடி பவுண்டுக்கு மேல் போயிற்று. எதிர்த்தவர்கள் மன்றாடிப் பார்த்தும் நிற்கவில்லை. கலைகளுக்கான தேசிய அமைப்பான ஆர்ட்ஸ் கவுன்சில் அந்த அருங்காட்சியகத்தின் அங்கீகாரத்தைப் பறித்தது. 2019 வரை திரும்ப விண்ணப்பிக்கவே முடியாது என்றும் சொல்லிவிட்டது.

இந்த இடத்தில்தான் கண்காணிப்புக் குழு வருகிறது. 2000ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் கொண்டுவந்த ஏற்பாடு இது. முடிவெடுக்கும் அமைச்சரவைபோல் சில கவுன்சிலர்கள் இருப்பார்கள். அதில் இல்லாத மற்ற கவுன்சிலர்கள் குழுவாக உட்கார்ந்து அவர்களைக் கேள்வி கேட்பார்கள். எடுத்த முடிவை நடைமுறைக்கு வரும் முன்பே மறு ஆய்வுக்கு அழைக்கவும் இந்தக் குழுவால் முடியும். முடிவை மாற்றும் அதிகாரம் இதற்குக் கிடையாது. மாற்றச் சொல்லிப் பரிந்துரைக்கலாம், அவ்வளவே. பல ஊர்களில் அருங்காட்சியகம், கலை, நூலகம், கிராமப்புற வழிகள் எல்லாம் ஒரே குழுவின் பார்வையில் வரும். கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. நிகழ்ச்சி நிரலை ஐந்து முழு நாட்களுக்கு முன்பே வெளியிட்டாக வேண்டும்.

நான் போனேன். பொதுமக்களுக்கான நாற்காலிகள் இருபது, உட்கார்ந்திருந்தவர்கள் மூன்று பேர். எனக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். தலைவரின் அனுமதியோடு அந்த ரோமானியக் கூரை ஓட்டைக் கொண்டுபோயிருந்தேன். பேச்சை முடிக்கும்போது அதைக் குழுவிடம் கொடுத்தேன். முதலில் வாங்கியவர் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் நீட்டினார். நான்காவது கவுன்சிலர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பேசாமல், கட்டைவிரலைக் குழிக்குள் வைத்தார்.

பிறகு அதிகாரியிடம் அவர் கேட்ட கேள்விகள் என் மூன்று நிமிடத்தைவிட ஆயிரம் மடங்கு பயன்பட்டன. இந்தப் பெட்டிகளுக்கு ஆண்டுக்கு ஆகும் செலவு எவ்வளவு? அதில் வேன் வாடகை எவ்வளவு? பள்ளிக்குப் பள்ளி வேன் போவதற்குப் பதில் ஆசிரியர்களே வந்து வாங்கிக்கொண்டால்? அறிக்கையில் இதற்கெல்லாம் பதில் இல்லை. செலவின் பெரும்பகுதி வேன் என்று அடுத்த கூட்டத்தில் தெரிந்தது. பெட்டிகளை நூலகத்தில் வைத்துப் புத்தகம் போல் இரவல் கொடுக்கலாமே என்று குழு பரிந்துரைத்தது. அமைச்சரவை ஏற்றுக்கொண்டது. எல்லாப் பெட்டிகளையும் அல்ல, ஆறில் நான்கை.

போன வாரம் நூலகத்துக்குப் போயிருந்தேன். புத்தகம் திருப்பிக் கொடுக்கும் மேசைக்குப் பின்னால், கீழ்த்தட்டில் அந்த நான்கு பெட்டிகளுக்கான இடம். மூன்று அங்கே இருந்தன. ஓடு இருக்கும் பெட்டியைக் காணவில்லை. நூலகர் பதிவேட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அதை ஒரு பள்ளி வாங்கிப் போயிருக்கிறது, அடுத்த தவணைக்கும் ஏற்கெனவே பெயர் எழுதிவைத்திருக்கிறார்கள் என்றார்.

நன்றி, வணக்கம்.