அச்சேறாத நாவலும் 6 விழுக்காடு வரியும்

(பெங்களூரு அல்சூரில் நடந்த தமிழ் வாசகர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

இந்த மாலை நேரத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, கூட்டத்தின் செயலாளர் அவர்களே, ஒவ்வொரு கூட்டத்திலும் கணக்கு வாசித்துவிட்டுத்தான் உட்காருவேன் என்று அடம்பிடிக்கும் பொருளாளர் அண்ணன் அவர்களே, சிறப்பு விருந்தினராக வந்திருக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி அவர்களே, தமிழ் பேச வராவிட்டாலும் தமிழ்க் கூட்டம் ஒன்றைக்கூடத் தவறவிடாத கன்னடப் பேராசிரியர் அவர்களே, மாநகராட்சியின் முன்னாள் உறுப்பினர் அம்மா அவர்களே, வாசலில் எல்லோருக்கும் சுக்குக் காப்பி ஊற்றிக்கொடுத்த சகோதரிகளே, ஒலிபெருக்கியை இதுவரை கூவாமல் வைத்திருக்கும் தம்பி அவர்களே, எல்லோருக்கும் வணக்கம். யார் பெயரையாவது விட்டிருந்தால் நன்றியுரையில் செயலாளர் சேர்த்துக்கொள்வார். முன்னாள் உறுப்பினர் அம்மாவிடம் மட்டும் ஒரு வேண்டுகோள்: நான் முடிக்கிறவரை தயவுசெய்து கிளம்பிவிடாதீர்கள். உங்களிடம் ஒரு வேலை இருக்கிறது.

தலைவர் என்னை "நாவலாசிரியர்" என்று அறிமுகப்படுத்தினார். கை தட்டினீர்கள். அச்சில் ஒரு பக்கம்கூட வராத நாவலுக்கு ஆசிரியன் நான். இதில் வெட்கப்பட எனக்கு ஒன்றுமில்லை. இந்த அரங்கிலிருந்து நடக்கிற தூரத்தில், ஏரிக்கரையில் திருவள்ளுவர் உட்கார்ந்திருக்கிறார். 1991ல் வைத்த சிலை, 2009 ஆகஸ்டில்தான் திறந்தார்கள். 18 வருஷம் துணிக்குள்ளேயே இருந்தார். வெளிவராமல் காத்திருப்பதில் எனக்கு முன்னோடி அவர்தான். அவருக்கே அந்தக் கதி என்றால் நான் எந்த மூலைக்கு?

மூன்று விஷயம் பேசுவதாகச் சொல்லி ஒப்புக்கொண்டேன். எப்படி எழுதுகிறேன் என்பது ஒன்று. என் பாத்திரங்கள் என்ன தமிழ் பேசுகிறார்கள் என்பது இரண்டு. நாவல் ஏன் இன்னும் அச்சாகவில்லை என்பது மூன்று. ஆனால் எதைத் தொட்டாலும் கடைசியில் நூலகத்தில் கொண்டுபோய்த்தான் நிறுத்துவேன் என்று பொருளாளர் அண்ணன் ஏற்கெனவே உங்களை எச்சரித்திருப்பார். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? என் சட்டியில் இருப்பது அதுதான்.

நான் தங்கவயல்காரன். கோலார் தங்கவயலில் 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி கால் வைத்ததிலிருந்து, 2001 பிப்ரவரி 28ந் தேதி சுரங்கத்தை மூடியது வரை, தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளில் பிறந்து, அதே லைன் வீடுகளில் செத்தவர்களைப் பற்றியது என் நாவல். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன நம் ஆட்கள் பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்கித் தங்கம் எடுத்தார்கள். சாம்பியன் ரீஃப் உலகத்திலேயே ஆழமான சுரங்கங்களில் ஒன்று. அந்த மண்ணைப் பற்றி எழுத எனக்குக் கற்பனை அதிகம் தேவைப்படவில்லை. காது இருந்தால் போதும்.

என் பழக்கங்களைச் சொல்கிறேன். எழுத ஆரம்பிக்கும்போது பாத்திரங்களுக்குப் பெயர் வைக்க மாட்டேன். எட்டாம் நம்பர் வீட்டுக்காரி, பதினொன்றாம் நம்பர் பையன் என்று வீட்டு எண்ணில்தான் எழுதுவேன். அவர்கள் பேசிப் பேசி எனக்குப் பழகின பிறகு பெயர் தானாக வரும். முதலிலேயே பெயர் வைத்தால் பெயருக்கேற்ற குணத்தை நாமே திணித்துவிடுகிறோம். கறுப்பாயி என்றால் பாவம், லீலாவதி என்றால் திமிர், இப்படி. பேச்சை முதலில் எழுதிவிட்டு அப்புறம்தான் அறைக்குச் சுவர் கட்டுவேன். வருணனைக்கு என்று உட்கார்ந்ததே கிடையாது. ஒரு பாத்திரம் தண்ணீர்க் குடத்தை எங்கே இறக்கி வைக்கிறது என்று எழுதினாலே வீட்டில் பாதி தெரிந்துவிடும். அழுகையை எழுதும் இடத்தில் "கண்ணீர்" என்ற சொல்லை எனக்கு நானே தடை செய்திருக்கிறேன். அது இருந்தால் அழுகிற வேலையைப் பாத்திரமே முடித்துவிடும், வாசகருக்கு மிச்சம் இருக்காது. எழுதினதை வாய்விட்டுப் படிப்பேன். எங்கே எனக்கு மூச்சு முட்டுகிறதோ அங்கே வாக்கியம் பொய் சொல்கிறது என்று அர்த்தம்.

இந்த வாய்விட்டுப் படிக்கிற பழக்கம்தான் என்னை வம்பில் மாட்டிவிட்டது. அதைச் சொல்லாமல் விட்டால் முன்வரிசைக்காரர்கள் என்னை விட மாட்டார்கள், ஏற்கெனவே கேட்டவர்கள்.

சுரங்கம் மூடின பிறகு தங்கவயலில் பாதிப் பேர் விடியற்காலையில் மாரிக்குப்பம் வண்டியைப் பிடித்துத்தான் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள். வேலை பார்த்த காலத்தில் அதில் நானும் ஒருத்தன், ஒரு கம்பெனியில் கணக்கு எழுதினேன். உரிகாம், கோரமண்டல் தாண்டி பங்காருப்பேட்டை வரும்போதே உட்கார இடம் தீர்ந்துவிடும். ஒரு பக்கம் சீட்டுக் கச்சேரி, ஒரு பக்கம் தூக்கம். நடுவில் ஒரு அம்மா கனகாம்பரம் கட்டிக்கொண்டே வருவார். கன்டோன்மென்ட் வருவதற்குள் கூடை நிறைய சரம். நான் நோட்டைத் திறந்து முணுமுணுவென்று படிப்பேன். முதலில் அந்த அம்மா கேட்டார், "இன்னா அண்ணே, ஜபமா?" கதை என்றேன். "அப்ப சத்தமா படி." அன்றிலிருந்து எனக்கு ஜன்னல் சீட்டு உறுதி.

அத்தியாயம் அத்தியாயமாகப் படித்தேன். சீட்டாடுகிறவர்கள்கூடக் காதை இங்கே வைத்துக்கொண்டு சீட்டைப் போட்டுத் தோற்றார்கள். எட்டாம் நம்பர் வீட்டுக்காரிக்குள் கன்னியம்மா என்ற பெயர் வந்தது. அவள் புருஷன் ஏர் பிளாஸ்டில் போய்விட்டான். பூமிக்கடியில் பாறை வெடித்துச் சரிவதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு துணி துவைத்துப் பிழைத்தாள். ஒரு நாள் டேக்கல் தாண்டும்போது அவளைக் காய்ச்சலில் சாகடித்தேன்.

பெட்டியே கொதித்துவிட்டது. "புருஷனைக் கொன்னே, ஒன்னும் சொல்லல. இவளையும் கொன்னா புள்ளைங்க எங்க போவும்?" என்று பூக்கார அம்மா ஊசியை என் பக்கம் நீட்டினார். ஒருத்தர் "அது கதைம்மா" என்றார். "கதைன்னா கொல்லலாமா?" என்று இன்னொருத்தர். தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து, யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றினார். இந்தச் சத்தத்தில் டி.டி.ஆர். வந்துவிட்டார். கன்னடக்காரர், நல்ல மனுஷர். பதறிப்போய், "யாரு சத்தோத்ரு?" என்றார். யார் செத்தது?

பூக்கார அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "கன்னியம்மா சார்."

"எல்லி?" எங்கே?

"இவர நோட்புக்கல்லி சார்."

அந்த மனுஷர் என்னைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். டிக்கெட் கேட்பார் என்று சீசனை எடுத்தேன். அவர் என் பக்கத்து ஆளை நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கதையை முதலிலிருந்து சொல் என்றார். தமிழும் கன்னடமும் கலந்து ஆளுக்கொரு பக்கமாகச் சொன்னோம். நான் விட்டதைச் சீட்டுக்காரர்கள் எடுத்துக்கொடுத்தார்கள். ஒயிட்ஃபீல்டு போனது, கிருஷ்ணராஜபுரம் போனது, அந்த வண்டியில் அன்றைக்கு ஒரு டிக்கெட்டும் சோதனை ஆகவில்லை. என் வாழ்க்கையில் இந்திய ரயில்வேக்கு நான் செய்த ஒரே துரோகம் அது. கன்டோன்மென்டில் இறங்கும்போது தோளைப் பிடித்து அவர் கேட்டது ஒன்றுதான்: "ஆமேலே?" அப்புறம்?

கன்னியம்மாவை நான் பிழைக்க வைக்கவில்லை. அதில் பிடிவாதமாகவே இருந்தேன். அதற்குத் தண்டனையாக ஜன்னல் சீட்டு பறிபோனது. பல நாள் கதவோரம் நின்றேன், யாரும் கதை கேட்கவில்லை. பிறகு ஒரு நாள் பூக்கார அம்மாவே பூக்கட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "சரிண்ணே, செத்துட்டா. கருமாதி யாரு பண்ணாங்க?"

நான் அடுத்த அத்தியாயத்தில் நாலு வருஷம் தாண்டிப் போயிருந்தேன். பெரிய பையனுக்கு வேலை கிடைப்பதாக எழுதி வைத்திருந்தேன். அன்று ராத்திரி வீட்டுக்குப் போய், லைன் வீட்டுக்காரர்கள் ஆளுக்கு அரைப்படி அரிசி போட்டு, கந்துக்காரனிடம் கைமாற்று வாங்கி, அவளுக்குப் பதினாறாம் நாள் காரியம் செய்ததை எழுதினேன். கந்துக்காரன் அன்றைக்கு மட்டும் வட்டி போடவில்லை. மொத்த நாவலில் எனக்குப் பிடித்த அத்தியாயம் அது. செத்தவளை வைத்து அழ வைப்பது யாருக்கும் வரும். மறுநாள் அரிசி எங்கிருந்து வந்தது என்று எழுதுகிறவன்தான் நாவலாசிரியன் என்று அந்த அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தார். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அந்த அம்மாவின் சட்டியில் எத்தனை கருமாதி இருந்திருக்கும் பாருங்கள்.

அதே வண்டி மாலூரில் நிற்கும். பேராசிரியர் ஐயா தலையாட்டுகிறார், நான் யாரைச் சொல்ல வருகிறேன் என்று அவருக்குத் தெரியும். அந்த மாலூர் தாலுகாவில் பிறந்து, வீட்டில் தமிழ் பேசி, கன்னடச் சிறுகதைக்கே தந்தை என்று பெயர் வாங்கினவர் மாஸ்தி வெங்கடேச ஐயங்கார். 1983ல் ஞானபீடம் பெற்றவர். அவர் வளர்ந்த மண்ணைத் தாண்டித்தான் தினமும் நோட்டோடு போனேன். இரண்டு மொழியும் ஒரே பெட்டியில் உட்கார்ந்து வந்தால் சண்டை வராது. இடம் போதாமல் வேண்டுமானால் வரும்.

இரண்டாவது விஷயம், என் பாத்திரங்களின் தமிழ். ஷாஃப்ட், கேஜ், லெவல், ஷிப்ட் என்று சுரங்கத்து ஆங்கிலம் கலந்துதான் அவர்கள் பேசுவார்கள். தெலுங்கு கலக்கும், கன்னடம் கலக்கும். அடிக்குறிப்பு போட மாட்டேன், கடைசியில் அகராதியும் கிடையாது. இதைப் பற்றி நிறையப் பேசலாம், ஆனால் தலைவர் கடிகாரம் பார்க்கிறார், அதனால் மூன்றாவதற்குப் போகிறேன்.

கையெழுத்துப் பிரதியைப் பையில் போட்டுக்கொண்டு சென்னைக்குப் போய் ஒரு பதிப்பாளரைப் பார்த்தேன். பெயர் வேண்டாம். பொறுமையாகப் புரட்டினார். நல்லாருக்கு என்றார். அடுத்த கேள்வி, "நீங்களே எத்தனை காப்பி எடுத்துக்குவீங்க?" எனக்குக் கோபம் வந்தது. வண்டியில் திரும்பி வரும்போது யோசித்தால் அவர்மேல் தப்பு இல்லை. தமிழ்நாட்டில் நாவல் போடுகிறவர் நூலக ஆணையைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருப்பார். அரசு நூலகத் துறை வாங்கினால் அச்சுக்கூலி வரும், வாங்காவிட்டால் கட்டு கட்டாகக் கிடக்கும். அந்த நூலகமும் சும்மா வரவில்லை. 1948ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது, விடுதலைக்குப் பின் நாட்டிலேயே முதல் சட்டம். அதற்குப் பின்னால் இருந்த உழைப்பு சீர்காழியில் 1892ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனுடையது. அவர் கடைசிக் காலத்தைக் கழித்தது எங்கே? இந்த ஊரில். 1962ல் இங்கே ஆவண ஆய்வுப் பயிற்சி மையத்தைத் தொடங்கினார், 1972ல் இங்கேயே காலமானார். நூலகத்துக்கு அவர் எழுதின ஐந்து விதியில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது. எழுதுகிற எவனும் சுவரில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியது.

சரி, நம் ஊர்ச் சங்கதிக்கு வருகிறேன். வீட்டு வரி ரசீதை யாராவது முழுசாகப் படித்திருக்கிறீர்களா? நான் கணக்கு எழுதினவன், எனக்கு அது வியாதி. சொத்து வரிக்கு மேலே 24 விழுக்காடு கூடுதல் வரி. சுகாதாரத்துக்கு 15, இரவலர் நலனுக்கு 3, நூலகத்துக்கு 6. கர்நாடகப் பொது நூலகச் சட்டம், 1965. அல்சூரிலும் மர்பி டவுனிலும் ஸ்ரீராமபுரத்திலும் வீடு வைத்திருக்கிற தமிழர் எல்லோரும் அந்த 6 விழுக்காட்டைக் கட்டுகிறோம். கட்டிவிட்டு நூலகத்துப் பக்கமே போவதில்லை.

கப்பன் பார்க்கில் சிவப்புக் கட்டடம், 1915ல் கட்டினது, மாநில மைய நூலகம் இருக்கிற இடம். அதன் பெயர் சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபம். மைசூர் திவானாக இருந்தவர். சிவனசமுத்திரத்தில் மின்சாரம் எடுக்கத் திட்டம் போட்டவர். 1902ல் அந்த மின்சாரம் முதலில் எங்கே வந்தது? எங்கள் தங்கவயலுக்கு. எங்கள் தாத்தாக்களுக்கு விளக்குப் போட்டவர் பெயரில் நூலகம் இருக்கிறது. அந்த ஊர்ப் பேரன் ஒரு வாசகரைத் தேடி அலைகிறான்.

என் வீட்டுக்கு அருகில் உள்ள கிளை நூலகத்துக்குப் போனேன். எங்கே என்று சொல்ல மாட்டேன், நூலகர் நல்லவர். கன்னடம் இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும், முதல் இடம் அதற்குத்தான். ஆங்கிலம் இருக்கிறது. தமிழ் என்று கேட்டால் பழைய வார இதழ்க் கட்டு ஒன்று. "யாரும் எழுதிக் கேட்டதில்லை சார்" என்றார். நாம் கேட்கவில்லை, அவர்கள் வாங்கவில்லை. அப்புறம் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வரவில்லை என்று இந்த மேடையில் ஏறி அழுகிறோம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

ஆகவே கதை எழுதுகிற ஆசை உள்ள இளைஞர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம் நோட்டு வாங்குவதோ பேனா வாங்குவதோ கிடையாது. உங்கள் கிளை நூலகத்தில் உறுப்பினராகச் சேருங்கள். படிக்காமல் எழுதுகிறவனுக்குத் தன் வீட்டுக் கதை ஒன்றுதான் மிஞ்சும், அதுவும் இரண்டாம் அத்தியாயத்தில் தீர்ந்துவிடும். உரையாடல் எழுதுவது எப்படி, முடிவை எப்படிக் கண்டுபிடிப்பது என்றெல்லாம் குறித்து வந்திருந்தேன்... மணி அடித்துவிட்டார்கள். சரி.

வாசலில் சுக்குக் காப்பி மேசைக்குப் பக்கத்தில் ஒரு மனு இருக்கிறது. தமிழர் அதிகம் வாழும் பகுதிகளின் கிளை நூலகங்களில் கன்னடத்துக்குப் பக்கத்தில் ஒரு தமிழ் அடுக்கு, கன்னடத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து கன்னடத்துக்கும் வந்த மொழிபெயர்ப்புகளுக்கு இன்னொரு அடுக்கு. கேட்பது இவ்வளவுதான். பேராசிரியர் ஐயா கன்னடத்தில் எழுதிக்கொடுத்திருக்கிறார். முன்னாள் உறுப்பினர் அம்மா முதல் கையெழுத்தைப் போட்டுக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அதற்காகத்தான் உட்காரச் சொன்னேன். வாடகை வீட்டில் இருப்பவர்களும் போடலாம், வீட்டுக்காரர் கட்டுகிற வரி உங்கள் வாடகையில்தான் இருக்கிறது. கையெழுத்துக்குப் பக்கத்தில் உங்கள் பகுதியின் கிளை நூலகம் எது என்று எழுதுங்கள். தெரியாதவர்கள் பொருளாளர் அண்ணனிடம் கேளுங்கள், பட்டியல் அவரிடம் இருக்கிறது. பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறோம், அறுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். நன்றி, வணக்கம்.